மரிக்கார் எங்கே போனார்?

"ஈழத்துத் தமிழனுக்கு அழத் தெரியும், சிரிக்கத் தெரியாது" என்றொரு கூற்று நம்மிடையே நெடுங்காலமாக உலவி வருகிறது. இதனைச் சொல்வோர் பகைவரல்லர்; நம்மவரே. ஆசிரியர் ஓய்வறையிலே சொல்கிறார்கள். இலக்கியக் கூட்டங்களிலே சொல்கிறார்கள். கோயில் திருவிழாவுக்குத் தமிழகத்துச் சின்னத்திரை நகைச்சுவையாளர் ஒருவரை விமானச் சீட்டுக் கொடுத்து அழைத்து வருகின்ற உபயகாரர், அச்செலவுக்கு நியாயங் கற்பிக்கும்போதும் இதனையே சொல்கிறார். போரும் இடப்பெயர்வும் கண்ட மக்களிடம் சிரிப்பு எங்ஙனம் இருக்கும் என்று இரக்கத்தோடு வினவுவோரும் உளர். அக்கூற்றினும் இவ்விரக்கம் கொடியது. அழுகையைத் தவிர வேறெதற்கும் நம்மைத் தகுதியற்றவர்களாக்கி விடுகிறது அது.

இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியது ஒரு பாடசாலை மேடை. கிளிநொச்சி மாவட்டத்திலே நாம் பணிபுரியும் பாடசாலையில், சென்ற ஆண்டு தமிழ்த்தினப் போட்டிக்கென மாணவர் ஒரு நகைச்சுவை நாடகம் பழகினர். ஒரு முதலாளி, அவர் மகன், ஒரு தரகர், ஒரு பொலிஸ்காரர், ஒரு வேலைக்காரன் என ஐந்து பாத்திரங்கள். ஐவரும் பேசியது சென்னைத் திரைப்படத் தமிழ். வேலைக்காரன் வேடத்துக்கு வகுப்பிலே கறுத்த நிறமுடைய ஒரு சிறுவனைத் தெரிந்தெடுத்தனர். 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியிற் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை அவன். மேடையில் அவன் செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்று: அடி வாங்குதல். அடி வாங்கும்போது அவனுடைய நிறத்தையும் முகத்தையும் பற்றிச் சொல்வதற்கு நகைச்சுவை அலைவரிசைகளிற் கேட்ட வசனங்கள் ஆயத்தமாக இருந்தன. ஒத்திகையைப் பார்த்து நாமும் சிரித்தோம், இதனை மறைப்பதற்கில்லை. அதன்பின் மூன்று நாட்கள் அவன் பாடசாலைக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தவனிடம் காரணம் கேட்டோம். "அப்பாயிக்குக் காய்ச்சல், சேர்" என்றான். 'அப்பம்மா' என்று வழங்கும் வகுப்பு, 'அப்பாயி' என்ற அந்தச் சொல்லைக் கேட்டு மறுபடியும் சிரித்தது.

நமக்குச் சிரிக்கத் தெரியாது என்பது பொய் என்று அன்று கண்டோம். நன்றாகவே தெரிகிறது. எவரைக் கண்டு, எங்கிருந்து, எதற்காகச் சிரிக்கிறோம் என்பதே வினா.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலாவதாக வைத்தார். அதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களையும் வகுத்தார். இலக்கணத்தை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதுகிற நாம், நான்கு வாயில்களுள் ஒன்றாகிய எள்ளலை மாத்திரம் திறந்து வைத்துக்கொண்டு, ஏனைய மூன்றையும் அடைத்து விட்டோம். அந்த எள்ளலும் கீழ்நோக்கிய எள்ளல். நிறங் கறுத்தவன், வாய் திக்குபவன், கால் ஊனமுற்றவன், தோட்டத்திலிருந்து வந்தவன் ஆகியோரே நம் சிரிப்புக்கு இலக்கு. போரிலே காலிழந்தோர் வாழாத கிராமம் ஒன்றை வன்னியிற் காண்பது அரிது. அத்தகைய மண்ணிலே, நொண்டி நடக்கும் கோமாளியைத் திரையிற் கண்டு குடும்பத்தோடு சிரிக்கிறோம். அவ்வேளையில் திண்ணையில் அமர்ந்திருக்கும் சின்னையாவின் செயற்கைக்கால் நம் கண்ணிற் படுவதில்லை.

எப்பொழுதும் இப்படித்தான் இருந்ததோ எனின், இல்லை என்க. இந்நாட்டிலே வேறொரு சிரிப்பு இருந்தது. அதற்கு முகங்களும் பெயர்களும் இருந்தன.

1970களில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையிலே 'கோமாளிகள் கும்மாளம்' என்றொரு தொடர் நாடகம் ஒலிபரப்பாயிற்று. எழுதியவர் எஸ். ராமதாஸ், முதன்மைக் கோமாளிகளுள் ஒருவராக நடித்தவரும் அவரே. முஸ்லிம்களின் பேச்சுத் தமிழிலே உரையாடும் மரிக்கார் என்ற பாத்திரத்தை அவர் ஏற்றார். ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டியானார். எஸ். செல்வசேகரன் சிங்களவர் தமிழ் பேசினால் எவ்வாறிருக்குமோ அவ்வாறு பேசும் உபாலியானார். அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீத் பிராமணத் தமிழ் பேசும் ஐயரானார். வானொலியிலே கேட்டவர்கள் கண்ணாலும் காண விரும்பினர். 1976இல் எஸ். ராமநாதனின் இயக்கத்தில் 'கோமாளிகள்' திரைப்படமாக வெளிவந்தது. நாடறிந்த முற்போக்குக் கவிஞர் சில்லையூர் செல்வராசனும் கமலினி செல்வராசனும் அதில் நடித்தனர்.

இந்த நால்வரையும் சற்றே நின்று நோக்குங்கள். மரிக்காராக நடித்த ராமதாஸ் முஸ்லிம் அல்லர். ஐயராக நடித்த அப்துல் ஹமீத் பிராமணர் அல்லர், முஸ்லிம். உபாலியாக நடித்த செல்வசேகரன் சிங்களவர் அல்லர், தமிழர். ஒருவர் நாவை மற்றவர் இரவல் வாங்கியிருந்தனர். அவ்விரவல் நிலைத்தும் விட்டது. இறக்கும் வரை அவர் மரிக்கார் ராமதாஸ். இவர் உபாலி செல்வசேகரன். பெற்றோர் இட்ட பெயருக்கு முன்னால், அயல் இனத்தவன் பெயரை மக்கள் அன்போடு ஒட்டி வைத்தார்கள். அவர்களும் அதனைப் பட்டம்போற் சுமந்தார்கள். இத்தனையும் நிகழ்ந்த 1976, வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறிய ஆண்டு என்பதை மறவாதிருப்போமாக. அரசியல் மேடையிலே இனங்கள் ஒன்றையொன்று பிரிந்து நின்ற அதே வேளையில், கோமாளிகளின் மேடையிலே அவை ஒரே வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்திருந்தன.

இங்கே ஒரு தடை எழும், எழவும் வேண்டும். தமிழன் ஒருவன் முஸ்லிமைப்போலப் பேசிச் சிரிப்பூட்டுவதும், சிங்களவனின் உடைந்த தமிழை நையாண்டி செய்வதும் இனக் கேலி அன்றோ? இவ்வினாவைத் தட்டிக் கழிக்க நாம் விரும்பவில்லை. பிறர் பேச்சைப் போலச்செய்வதில் எப்பொழுதும் ஓர் ஆபத்து உண்டு. ஆயினும் கேலிக்கும் போலச்செய்தலுக்கும் உள்ள வேற்றுமையை அறிய ஓர் உரைகல் இருக்கிறது. மேடையிலே ஒருவன் மட்டும் கோமாளியாகவும் ஏனையோர் அறிவாளிகளாகவும் நின்றால் அது கேலி. நால்வருமே கோமாளிகளாக நின்றால் அது தோழமை. படத்தின் பெயரே பன்மையில் அமைந்தது. யாழ்ப்பாணத்து அப்புக்குட்டிக்கு அங்கே அறிவாளி நாற்காலி ஒதுக்கப்படவில்லை. தன் மொழியே செந்தமிழ் என்று தருக்கும் அவனும் மற்ற மூவரோடு கோமாளியாகவே நின்றான். மேலும், பிறனுடைய பேச்சை நுட்பமாகப் போலச்செய்ய வேண்டுமாயின் அதனை ஆண்டுக்கணக்கிற் காதுகொடுத்துக் கேட்டிருத்தல் வேண்டும். தேநீர்க் கடையிலே, புகைவண்டியிலே, பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலே கேட்டிருத்தல் வேண்டும். அயல் இருந்தாலன்றிப் போலச்செய்தல் பிறவாது. கேலிக்கோ அயல் வேண்டுவதில்லை. தூரத்தில் நின்றும் கேலி செய்யலாம்.

இன்னொரு தடை, நம்மவருள் கலை நயம் பேசுவோர் எழுப்புவது. "அப்படங்கள் தரமற்றவை, ஒளிப்பதிவு மங்கல், வானொலி நாடகத்தைக் கமெராவின் முன் நிறுத்தியதே அன்றி வேறில்லை" என்பர். ஒப்புக்கொள்கிறோம். 1963இல் 'தோட்டக்காரி' வெளிவந்தது முதல் 1983 வரை இந்நாட்டிலே எடுக்கப்பட்ட தமிழ்த் திரைப்படங்கள் ஏறத்தாழ முப்பது. அவற்றுட் பல இந்தியப் படங்களின் மெலிந்த நிழல்கள். 'குத்துவிளக்கு' (1972), 'பொன்மணி' (1977) போன்று தம் மண்ணை நோக்கியவை சில. ஆனால் முதலில்லாமல், கலையகமில்லாமல், பயிற்சியில்லாமல் எடுத்த முப்பது படங்களை, ஓராண்டிலே நூற்றுக்கு மேற்பட்ட படங்களை உருட்டித் தள்ளுகின்ற பெருந்தொழிலோடு தராசில் நிறுப்பது எந்த நியாயம்? கைத்தறி நெசவாளனை நோக்கி, "உன் சேலையில் மில் துணியின் வழவழப்பு இல்லையே" என்பது போன்றது அது. குழந்தை தத்தித் தத்தி நடந்தபோது, "இதற்கு நடக்கத் தெரியாது" என்று தீர்ப்பளித்தவர்கள் நாம்.

அந்தக் குழந்தை நடந்ததும் ஒரு சிறு காலப்பகுதியிலேதான். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கி, திரைப்பட இறக்குமதியும் விநியோகமும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அக்கட்டுப்பாடுகள் தமிழ் இரசிகர்களுக்கு எரிச்சலூட்டின என்பதும், அவற்றிற்குப் பின்னால் இன நோக்கமும் கலந்திருந்தது என்ற ஐயம் நிலவியது என்பதும் உண்மையே. ஆயினும் அந்தச் சிறிய இடைவெளியிலேதான் உள்ளூர்ப் படம் மூச்சுவிட்டது. 1977இல் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டுத் துணி வந்து உள்ளூர்த் தறியை நிறுத்தியது. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வந்து வன்னி விவசாயியின் வயிற்றிலடித்தன. அதே சந்தையிலே சிரிப்பும் ஒரு சரக்காக வந்திறங்கியது. பரந்தனிலும் விசுவமடுவிலும் மிளகாய்ச் செய்கையாளர் கைவிடப்பட்டதைப் பற்றி எழுதிய நாம், சிரிப்புச் செய்கையாளர் கைவிடப்பட்டதைப் பற்றி எழுதவில்லை.

சந்தை தொடங்கியதை இனவெறி முடித்தது. 1983 யூலையிலே தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது திரையரங்குகளும் எரிந்தன. கொழும்புக்கு அணித்தாக உள்ள ஹெந்தளையில் விஜயா கலையகம் தீக்கிரையாக, அங்கிருந்த படங்களின் மூலப்பிரதிகள் பலவும் சாம்பராயின. சிங்களப் படங்களின் பிரதிகளும் அத்தீயிலே வெந்தன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இனவெறி தன் வீட்டுக் கூரைக்கும் சேர்த்தே நெருப்பு வைக்கிறது.

அதன் பின் நம் கோமாளிகளின் வாழ்வு எவ்வாறு சென்றது? 'கோமாளிக'ளைத் தொடர்ந்து 1978இல் 'ஏமாளிகள்' வந்தது. தொலைக்காட்சி வந்தபின் ராமதாஸ் அதிலும் நடித்தார். ஆனால் படத்தொழில் என ஒன்று இல்லாத நாட்டிலே, திரை நடிகன் என்ற தொழிலும் இருக்க முடியாது. செல்வசேகரன் 2012இல் மறைந்தார். ராமதாஸ் 2016இல் மறைந்தது சென்னையிலே. எந்நகரின் திரைப்படங்கள் வந்து இங்குள்ள மேடையைப் பறித்தனவோ, அந்நகரிலேயே நமது மரிக்கார் கண்மூடினார். அச்செய்தி நம் பத்திரிகைகளிலே ஒருநாட் செய்தியாக வந்து போயிற்று.

கே. எஸ். பாலச்சந்திரனின் வரலாறும் இதுவே. கரவெட்டியிலே பிறந்தவர். அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே மேடையிலும் வானொலியிலும் நடித்தவர். சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' வானொலித் தொடரிலே நாட்டையே அழவைத்த அந்தக் குரல், 'அண்ணை றைட்' என்ற தனிநடிப்பிலே நாட்டையே சிரிக்க வைத்தது. பேருந்து நடத்துநர் ஒருவர். ஏறுவோர், இறங்குவோர், சில்லறை இல்லாதோர், இடம் விட மறுப்போர் அனைவரும் அந்த ஒரு மனிதரின் நாவிலிருந்தே பிறந்தனர். எவரையும் அடிக்கவில்லை, எவர் நிறத்தையும் இகழவில்லை. வேலை செய்கிற ஒரு மனிதன், தன் வேலைநேரத்திலே, தன் மொழியிலே பேசுவதில் இத்தனை நகைச்சுவை உண்டு என்பதை அவர் நமக்குக் காட்டினார். 'வாடைக்காற்று' (1978) முதலிய படங்களிலும் நடித்தார். பின்னர் புலம்பெயர்ந்து கனடாவிலே மேடையும் தொலைக்காட்சியும் திரைப்படமுமாகத் தொடர்ந்தார். 2014இல் அங்கேயே மறைந்தார். அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்த பேருந்துப் பயணிகளுட் பலரும் அதற்கு முன்பே நாடுகடந்து போயிருந்தனர்.

நகைச்சுவை நடிகனின் வாழ்வு தனியொருவனுடைய திறமையின் வரலாறு மட்டுமன்று. அவனுக்கு மேடை கொடுத்துப் பின்னர் அதனைப் பறிக்கின்ற சமுதாயத்தின் வரலாறுமாகும். 1952இல் சார்ளி சாப்ளின் இலண்டன் புறப்பட்டபோது, அமெரிக்க அரசு அவர் திரும்பிவரும் அனுமதியை இரத்துச் செய்தது. இருபதாண்டு கழித்து அதே நாடு அழைத்து விருது கொடுத்தது. தமிழகத்திலே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், ஒடுக்கப்பட்ட சிறுவன் ஒருவன் கல்வி பெறுவதைக் 'கிந்தனார்' காலட்சேபமாக்கி 1949இல் 'நல்லதம்பி' படத்திலே சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். மேலிருப்போரை நோக்கிச் சிரித்தவர்கள் அவ்விருவரும். அவர்களுக்குப் பின்னால் ஒரு தொழிலும் ஒரு மக்கட்டிரளும் நின்றன. நமது கோமாளிகளுக்குப் பின்னாலே தொழிலும் நிற்கவில்லை, நாமும் நிற்கவில்லை.

நாம் என்று சொல்லும்போது முற்போக்காளராகிய நம்மையே முதலிற் சொல்கிறோம். மண்வாசனை இலக்கியத்துக்காகவும் பேச்சுவழக்குக்காகவும் இழிசனர் வழக்கென்ற வசைக்கெதிராகவும் போராடிய இயக்கம் நம்முடையது. சிறுகதையிலே உழைப்பாளி தன் நாவிற் பேசும் உரிமையை வென்றெடுத்தோம். அதே நா வானொலியிலே சிரிப்பாக ஒலித்தபோது, "வெறும் பொழுதுபோக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டோம். சிரிப்பு புரட்சிக்கு இடையூறு என்பதுபோல் நடந்துகொண்டோம். நமது விமர்சன நூல்களிலே ஈழத்து நாவலுக்கு இடமுண்டு, சிறுகதைக்கு உண்டு, கவிதைக்கு உண்டு. மரிக்காருக்கும் உபாலிக்கும் 'அண்ணை றைட்'டுக்கும் எத்தனை பக்கங்கள்? நாம் விட்டுச்சென்ற வெற்றிடத்திலேதான் நகைச்சுவை அலைவரிசை வந்து குடியிருக்கிறது. அதனை இன்று ஏசிப் பயனில்லை.

இனி வன்னிக்கு வருவோம். மரிக்கார் எங்கே போனார் என்ற வினாவை வன்னியில் நின்று கேட்கும்போது அதன் பொருளே மாறிவிடுகிறது.

1990 ஒக்டோபரிலே வட மாகாண முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் மட்டுமன்று, முல்லைத்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்துந்தான். தலைமுறை தலைமுறையாக அருகிருந்தவர்கள், கையிற் கொண்டுபோகக் கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு புத்தளத்துக்குப் போனார்கள். நமக்கிழைக்கப்பட்ட அநீதிகளை அடுக்குங்கால் இதனை விட்டுவிட்டு அடுக்குகிறோம். மரிக்காரின் மொழி நம் மண்ணிலிருந்து அப்படித்தான் போயிற்று. வழக்கொழிந்து போகவில்லை, வெளியேற்றப்பட்டது. போரின் பின் மீண்டும் வந்தோருக்கும் காணியும் வீடும் எளிதிற் கிட்டவில்லை என்பதை அறிவோம்.

உபாலியோ? உபாலியின் உடைந்த தமிழை நமது தலைமுறை வானொலியிற் கேட்கவில்லை. சோதனைச் சாவடியிற் கேட்டது. அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, பேருந்திலிருந்து இறங்கி வரிசையில் நிற்கும்போது கேட்டது. எந்தப் பேச்சைக் கேட்டு நம் பெற்றோர் வயிறு குலுங்கச் சிரித்தனரோ, அதே பேச்சைக் கேட்டு நாம் வாய் உலர நின்றோம். சிங்கள உழைப்பாளி ஒருவன் நட்போடு தமிழ் பேச முயல்வதும் உடைந்த தமிழே. துப்பாக்கியோடு நின்று வினவுவதும் உடைந்த தமிழே. முன்னதை நம் பிள்ளைகள் கேட்க வாய்க்கவில்லை. ஆகவே உபாலியைக் கண்டு அவர்களாற் சிரிக்க இயலாது. இனப்போர் பறித்தவற்றின் பட்டியலிலே இதனையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புக்குட்டிக்கு என்ன நேர்ந்தது? அவருடைய தமிழை வேறொருவர் எடுத்துக்கொண்டார். 2000ஆம் ஆண்டிலே, வன்னி பெரும்போரின் நடுவே இருந்தபோது, 'தெனாலி' வெளிவந்தது. எதனைக் கண்டாலும் அஞ்சி நடுங்கும் ஈழத்து மனிதனாகத் தமிழகத்தின் பெருநடிகர் நம் பேச்சைப் பேசினார். திறமையாகவே பேசினார், பரிவும் அதிலே இருந்தது. நம்மவரும் பெருமைப்பட்டனர். ஆனால் நம் நாவுக்கு நம் கலைஞன் தேவையில்லை, சென்னை அங்கீகரித்தாற் போதும் என்ற மனநிலை அப்பெருமைக்குள்ளே ஒளிந்திருந்தது. இன்று நம் மாணவன் மேடையேறினால், வீட்டிலே பேசும் "ஏனடா"வை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுச் சென்னைத் தமிழை மாட்டிக்கொண்டு வருகிறான். தன் மொழி அழுவதற்குரியது, சிரிப்பதற்குரியதன்று என அவன் நம்புகிறான். நாமே அவனை அப்படி நம்ப வைத்தோம்.

நால்வரைச் சொன்னோம், ஐந்தாமவன் ஒருவனும் உண்டு. மலையகத் தமிழன் அந்த வாங்கிலே இருந்தானா? நால்வரின் முதல் வரிசையிலே அவன் இல்லை. நமது பொற்காலத்துக்கும் ஒரு குருட்டுக் கண் உண்டு என்பதை மறைத்து எழுதுவது முற்போக்குக்கு அழகன்று. 1958, 1977, 1983 எனக் கலவரந்தோறும் விரட்டப்பட்டு வந்த மலையக மக்களே காடு வெட்டிக் கழனி திருத்தி, தருமபுரம், பாரதிபுரம், மலையாளபுரம் முதலிய இடங்களிலே வேரூன்றினர். காணிக்கு உறுதியில்லை, குளத்து நீரிற் பங்கில்லை, இருந்தும் பிறர் வயலிலே முதலில் இறங்கி நின்றது அவர்கள் காலே. போரின் இறுதி நாட்களிலே எல்லோரோடும் ஒருங்கு செத்தனர். சாவிலே சமத்துவம் கொடுத்த வன்னிச் சமுதாயம் சிரிப்பிலே கொடுக்கவில்லை. 'வடக்கத்தையான்' என்ற சொல் இன்னும் நம் வகுப்பறைகளிலே உயிரோடிருக்கிறது. நகைச்சுவை அலைவரிசை அவ்விழிவை உண்டாக்கவில்லை. நம்மிடம் இருந்த இழிவுக்கு நாளொரு புதிய வசனம் விநியோகிக்கிறது. அவ்வளவே.

"சிரிப்பைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றிலும் அரசியல் பார்க்க வேண்டாம்" என்பார் சிலர். நன்று. எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் இதனைச் சொல்பவர் எப்பொழுதும் சிரிப்பவராகவே இருக்கிறாரே, சிரிக்கப்பட்டவர் ஒருவரேனும் இதனைச் சொல்லக் காணோமே, ஏன்? மூன்று நாள் பாடசாலைக்கு வராத பிள்ளையிடம் சென்று இதனைச் சொல்லும் துணிவு எவர்க்குண்டு?

ஆகவே ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, நாம் வேண்டுவன பெரியன அல்ல. தமிழ்த்தின மேடையிலே நகைச்சுவை நாடகமெனில் அது பிள்ளையின் வீட்டு மொழியிலே இருக்கட்டும். நிறத்தையும் ஊனத்தையும் பிறப்பையும் சிரிப்புக்குரியனவாக்கும் நாடகத்துக்கு மேடை மறுப்போம். வானொலி ஒலிப்பதிவுகள், ஒலிநாடாக்கள், பழைய துண்டுப் பிரசுரங்கள் எவர் வீட்டுப் பரணிலே கிடந்தாலும் தேடித் திரட்டுவோம். மூத்தோர் நினைவையும் எழுதி வைப்போம். நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் வகுப்பிலே கிரேக்கத்துக் கோமாளியோடு கொழும்புக் கோமாளியும் ஒரு பாடவேளை இருந்து போகட்டும்.

எமது பாடசாலையிலே செய்ததைச் சொல்லி முடிக்கிறோம். பழைய நாடகத்தைக் கைவிட்டு, 'அண்ணை றைட்' ஒலிப்பதிவை வகுப்பிலே கேட்கச் செய்தோம். முதலில் விழித்தனர்; பின்னர் சிரித்தனர்; அதன்பின் தாமே ஒரு பேருந்தைக் கட்டினர். முறிகண்டியிலே தேங்காயுடைக்க இறங்கிப் பேருந்தைத் தவறவிடும் ஒருவர், உரமூட்டைக்கும் சீட்டு வாங்கச் சொன்னதால் சண்டை பிடிக்கும் கமக்காரர், நுண்கடன் வசூலிப்பவரைக் கண்டதும் ஆசனத்துக்கடியில் ஒளியும் பெண்கள் என ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தனர். அந்தச் சிறுவன் தன் அப்பாயியைக் கொண்டுவந்தான். நடத்துநரிடம் அரைச் சீட்டுக் கேட்டு, "எனக்குப் பாதி உசுருதானேய்யா இருக்கு" என்று வாதிடும் கிழவியாக அவனே நடித்தான். மண்டபம் அதிர்ந்தது. நடுவர்கள் பரிசு தரவில்லை. வழக்குச் சொற்கள் மிகுந்துள்ளன என்று குறிப்பெழுதினர். இப்பொழுது வகுப்பிலே 'அப்பாயி' என்ற சொல்லைக் கேட்டு எவரும் சிரிப்பதில்லை. நாடகத்தில் அவன் சிரிக்க வேண்டுமென்று எழுதிய இடத்திலே மட்டும் சிரிக்கிறார்கள்.

ஒன்று மாத்திரம் எம்மால் இயலவில்லை. அந்தப் பேருந்திலே மரிக்காருக்கும் ஓர் ஆசனம் வைத்திருந்தோம். ஒரு மாணவன் நடிக்க முன்வந்தான். ஆனால் முஸ்லிம் மனிதர் ஒருவர் வீட்டிலே, கடையிலே, வயல் வரம்பிலே பேசுவதை அவன் வாழ்நாளிலே கேட்டதில்லை. திரைப்படத்திற் கேட்ட எதையோ பேசினான். அது போலச்செய்தலாக அமையவில்லை, கேலியாகவே விழுந்தது. அவனைக் குறை சொல்வதற்கில்லை. நிறுத்திவிட்டோம். ஒத்திகையிலும் மேடையிலும் அந்த ஆசனம் வெறுமையாகவே கிடந்தது. பார்த்தவர்களுள் எவரும் அது யாருடைய இடம் என்று கேட்கவில்லை.